'ஐ அக்ரீ' டிக் பண்ணினது நான்தான்

நான் இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். வாட்ஸ்ஆப்ல தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்பேன். நம்ம இதழ்ல எழுதுறது இதுதான் முதல் தடவை, பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க. ஆனா இந்த விஷயத்தைத் தமிழ்லதான் எழுதணும்னு தோணுச்சு. ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

எங்க அம்மா திண்டுக்கல்ல ஆரி வொர்க் ஜாக்கெட் தைக்கிறாங்க. வீட்டு முன் ரூம்தான் கடை. ரெண்டு அக்கா வேலைக்கு வர்றாங்க. கல்யாண ஜாக்கெட் ஒண்ணு 3,000-லிருந்து 8,000 ரூபாய் வரைக்கும் போகும். போன வருஷம் வரைக்கும் பணம், இல்லன்னா யுபிஐ. பெரிய ஆர்டர் கொடுக்கிறவங்க சில பேர் மட்டும் "கார்டு எடுப்பீங்களா?"ன்னு கேப்பாங்க. ரெண்டு மூணு ஆர்டர் அப்படியே கைவிட்டுப் போச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து ஏஜென்ட் அண்ணா வந்தார். "அக்கா, மெஷின் ஃப்ரீக்கா. இருபது நிமிஷ வேலை"ன்னார்.

நிஜமாவே இருபது நிமிஷம்தான் ஆச்சு. பான், ஆதார், பாஸ்புக், உத்யம் சான்றிதழ், கரண்ட் பில், கடை போர்டு போட்டோ. அவரே டேப்ல எல்லாத்தையும் நிரப்பினார். ஓடிபி வந்துச்சு, நான் படிச்சு சொன்னேன். கடைசியா ஒரு ஸ்கிரீன். கீழே தள்ளத் தள்ள முடியாத இங்கிலீஷ். அம்மா என்னைப் பார்த்து, "நீதானடி இங்கிலீஷ் படிச்சவ, சரியா இருக்கான்னு பாரு"ன்னாங்க. நான் பார்க்கல. "எல்லாம் ஓகேம்மா"ன்னு சொல்லிட்டு டிக் பண்ணினேன்.

இந்தக் கட்டுரை அந்த டிக்கைப் பத்தினதுதான்.

அது பேங்க் அக்கவுன்ட் மாதிரி இல்ல

கார்டு மெஷினுக்குக் கையெழுத்துப் போடுறதை நாம சிம் கார்டு வாங்குற மாதிரி நினைக்கிறோம். அப்படி இல்ல. அது ஏன்னு தெரிஞ்சுக்க, கார்டைத் தட்டும்போது என்ன நடக்குதுன்னு பார்ப்போம்.

கஸ்டமர் கார்டைத் தட்டுறார். தகவல் மெஷினிலிருந்து கடைக்காரர் பக்கத்து பேங்குக்குப் போகுது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே மாதிரி ஒரு நெட்வொர்க் வழியா, கார்டு கொடுத்த பேங்குக்குப் போகுது. அந்த பேங்க் "சரி" சொன்னா பேப்பர் வெளிய வருது. எல்லாம் ரெண்டு மூணு செகண்ட். ஆனா பணம் அந்த செகண்ட்ல அம்மாவுக்கு வந்துடல. கணக்கு முடிச்சு பெரும்பாலும் அடுத்த வேலை நாள்தான் வரும். அதுக்கு அப்புறமும் விஷயம் முடியல. கார்டு வச்சிருக்கிறவர் பல வாரம் கழிச்சுக்கூட தன் பேங்க்ல போய், "இந்தப் பணம் நான் கட்டல" இல்லன்னா "எனக்குப் பொருள் வரல"ன்னு புகார் கொடுக்கலாம். இதுக்குப் பேர் சார்ஜ்பேக். புகார் வந்தா பணம் கடைக்காரர்கிட்டேயிருந்து திரும்ப எடுக்கப்படும். அதுக்குள்ள கடைக்காரர் கடையை மூடிட்டுப் போயிருந்தா? அந்த நஷ்டம் கடைக்காரர் பக்கத்து பேங்க் தலையில விழும்.

அதாவது, ஒவ்வொரு கார்டு பில்லும் அந்த பேங்க் அம்மாவை நம்பி எடுக்கிற ஒரு ரிஸ்க். கிட்டத்தட்ட கடன் கொடுக்கிற மாதிரி. அதனாலதான் இத்தனை பேப்பர் கேக்குறாங்க. "என்ன தொழில், மாசம் எவ்வளவு, ஒரு பில் சராசரி எவ்வளவு, பணம் வாங்கி எத்தனை நாள்ல பொருள் கொடுப்பீங்க"ன்னு கேக்குறதும் அதனாலதான். ஃபார்ம்ல ஒரு கேள்விகூட சும்மா இல்ல.

எங்க ஃபார்ம்ல அந்தக் கடைசிக் கேள்விக்கு ஏஜென்ட் அண்ணா என்ன போட்டார் தெரியுமா? பூஜ்யம். பணம் வாங்கின அன்னைக்கே பொருள். தொழில் எதுன்னு குறிக்க நாலு இலக்கக் குறியீடு ஒண்ணு இருக்கு. தையல்காரங்களுக்கு 5697. எங்களுக்குப் போட்டது 5651, அதாவது ரெடிமேட் துணிக்கடை. அவர் ஏமாத்தணும்னு பண்ணல. சீக்கிரம் அப்ரூவ் ஆகணும்னு பண்ணினார். ஆனா எங்க அம்மா அட்வான்ஸ் வாங்கி மூணு வாரம் கழிச்சுத்தான் ஜாக்கெட் கொடுப்பாங்க. ஃபார்ம்ல இருந்த கடை எங்க கடையே இல்ல. அதுக்குத்தான் நான் டிக் பண்ணியிருக்கேன்.

'ஃப்ரீ' மெஷினோட கணக்கு

முதல் மாச ஸ்டேட்மென்ட் வந்தப்போ அம்மா ஒரு வரியைக் காட்டி, "இது என்ன 472?"ன்னாங்க. மெஷின் ஃப்ரீதான். மாச வாடகை 400. அதுக்கு 18% ஜிஎஸ்டி 72. ஒப்பந்தத்துல தெளிவா எழுதியிருந்தது. நான்தான் படிக்கல.

கிரெடிட் கார்டுக்கு எங்களுக்குப் போட்ட கட்டணம் 2%. இதுக்கு எம்டிஆர்னு பேர். 2,000 ரூபாய்க்கு மேல போற பில்லுக்கு, அந்தக் கட்டணத்து மேலயும் ஜிஎஸ்டி உண்டு. அப்போ 12,000 ரூபாய் பில்லுல 240 கட்டணம், அதுக்கு 43.20 வரி. கைக்கு வர்றது 11,716.80. இது பரவாயில்ல, ஒரு ஆர்டர் தவறிப்போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா வாடகையைச் சேர்த்துப் பாருங்க. முகூர்த்த மாசத்துல கார்டுல 30,000 வந்தா கட்டணமும் வரியும் 708, வாடகை 472, மொத்தம் 1,180. அதாவது 100 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட 4 ரூபாய். ஆடி மாசம் கல்யாணமே கிடையாது. ரெண்டு ஆர்டர், 6,000 ரூபாய்தான் கார்டுல வந்துச்சு. கட்டணம் 141.60, வாடகை அதே 472. மொத்தம் 613.60. 100-க்கு 10 ரூபாய்க்கு மேல! "2%"னு சொன்ன அதே மெஷின்தான்.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. ஏஜென்ட் "எல்லா கார்டுக்கும் ரெண்டு பர்சன்ட்"னு சொல்லிட்டுப் போயிட்டார். அதனால டெபிட் கார்டு நீட்டினவங்களை எல்லாம் அம்மா, "ஏடிஎம்ல எடுத்துட்டு வந்துடும்மா"ன்னு அனுப்பிட்டிருந்தாங்க. உண்மை என்னன்னா, ரூபே டெபிட் கார்டுக்கும் யுபிஐக்கும் 2020 ஜனவரி 1-லிருந்து எம்டிஆரே கிடையாது. மத்த டெபிட் கார்டுக்கு, வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள்ள இருக்கிற கடைன்னா மெஷின்ல அதிகபட்சம் 0.40%, ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல போகக்கூடாது. இது 2018-லிருந்து ரிசர்வ் வங்கி வச்ச உச்சவரம்பு. கிரெடிட் கார்டுக்கு மட்டும்தான் அப்படி ஒரு உச்சவரம்பு இல்ல, பேசி வாங்குறதுதான். எங்க ஒப்பந்தத்துலயும் டெபிட் கார்டு ரேட் தனியாத்தான் போட்டிருந்தது. எங்களுக்குச் சாதகமான வரியையும் நான் படிக்கல.

14,500 ரூபாய்

இதெல்லாம் சில்லறை நஷ்டம். பெரிய அடி அப்புறம் வந்துச்சு.

பெங்களூர்ல ஒரு அக்கா மூணு ஜாக்கெட் ஆர்டர் பண்ணினாங்க. அளவு ஜாக்கெட்டைக் கூரியர்ல அனுப்பி வச்சாங்க. பணம் கட்ட அம்மா லிங்க் அனுப்பினாங்க, அவங்க கிரெடிட் கார்டுல 14,500 கட்டினாங்க. மூணு வாரத்துல ஜாக்கெட் போய்ச் சேர்ந்துச்சு. "சூப்பரா இருக்குக்கா"ன்னு போட்டோவும் அனுப்பினாங்க. அதுக்குள்ள அங்கே என்ன நடந்திருக்குன்னா, கார்டு அவங்க வீட்டுக்காரர் பேர்ல. மாச ஸ்டேட்மென்ட்ல 14,500-க்கு நேரா யாரோ ஒரு பெண்ணோட பேரும் இனிஷியலும் இருந்திருக்கு. அது எங்க அம்மா பேர். கடை போர்டுல இருக்கிறது என் பேர்! கடைக்குன்னு தனி பான் கிடையாதே, பான்ல இருந்த பேரைத்தான் பதிஞ்சிருக்காங்க. அவர் பதறிப்போய் பேங்க்ல புகார் கொடுத்துட்டார்.

கம்பெனி எங்களுக்கு மெயில் அனுப்பினாங்க. ஏழு நாளுக்குள்ள ஆதாரம் கொடுங்கன்னு. அந்த மெயில் ஐடி நான் உருவாக்கினது, என் போன்ல மட்டும் இருந்தது. எனக்கு லேப் எக்ஸாம். ஆறாவது நாள்தான் பார்த்தேன்.

அதுக்குள்ள சனிக்கிழமை வந்துடுச்சு. கணக்குல வர வேண்டிய பணத்திலிருந்து 14,500 பிடிச்சுட்டாங்க. வேலை செய்ற ரெண்டு அக்காவுக்கும் வாரக் கூலி கொடுக்கணும். மணியும் ஜரியும் வாங்கின கடைக்கு பாக்கி. அம்மா மகளிர் குழுவுல கடன் வாங்கிக் கொடுத்தாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை திட்டல. "இங்கிலீஷ்ல ஏதோ வந்திருக்குன்னா எனக்கு எப்படித் தெரியும் பாப்பா"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்குத் திட்டியிருக்கலாம்.

கூரியர் ரசீது, வாட்ஸ்ஆப் சாட், அந்த போட்டோ எல்லாத்தையும் ராத்திரியோட ராத்திரியா அனுப்பினேன். அம்மா அந்த அக்காவுக்கு போன் போட்டாங்க. அவங்க பாவம், "அய்யோ அக்கா, அவருக்குத் தெரியாதுக்கா"ன்னு புகாரை வாபஸ் வாங்க வச்சாங்க. இருந்தும் பணம் திரும்பி வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல கம்பெனிக்காரங்க, "உங்க ஃபார்ம்ல டெலிவரி பூஜ்யம் நாள்னு இருக்கே, மூணு வாரம் கழிச்சு ஏன் அனுப்பினீங்க?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல எனக்கு வாயே வரல.

இதுல வில்லன்னு யாரும் கிடையாது. அந்த வீட்டுக்காரர் பண்ணினது சரி, தெரியாத பேர்ல பணம் போனா நானும் புகார் கொடுப்பேன். கம்பெனியும் விதிப்படிதான் நடந்துச்சு. ஏஜென்ட் அண்ணாவுக்கு டார்கெட். அப்போ தப்பு எங்கே?

தமிழ்ல சொல்ல முடியல

பிரச்சினை முடிஞ்ச அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அந்த ஒப்பந்தத்தை பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட உட்கார்ந்தேன். வரி வரியாத் தமிழ்ல சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். ரெண்டாவது பக்கத்துலயே நின்னுட்டேன். 'ரோலிங் ரிசர்வ்'னு ஒரு வார்த்தை. இங்கிலீஷ்ல படிக்கும்போது புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. "அப்படின்னா என்னடி?"ன்னு அம்மா கேட்டதும் எனக்கே தெரியலன்னு தெரிஞ்சுது. தேடிப் படிச்சுட்டு வந்து சொன்னேன்: "நீங்க சம்பாதிச்ச பணத்துல ஒரு பங்கை, புகார் வந்தா சமாளிக்கன்னு அவங்க கொஞ்ச மாசம் பிடிச்சு வச்சுக்கலாம்மா." அம்மா உடனே, "எவ்வளவு பங்கு? எத்தனை மாசம்? யாரு முடிவு பண்றது?"ன்னு கேட்டாங்க. மூணுமே சரியான கேள்வி. பத்தாவது வரைக்கும் படிச்ச எங்க அம்மா, புரியிற மொழியில சொன்ன அடுத்த நிமிஷம் கேட்ட கேள்வி.

அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. அம்மாவுக்கு அறிவு குறைவுன்னு ஒண்ணும் இல்ல. எனக்கு அறிவு அதிகம்னும் இல்ல. இங்கிலீஷை வாசிக்கத் தெரிஞ்சதை, புரிஞ்சுக்கத் தெரிஞ்சதா நான் நினைச்சுட்டிருந்தேன். அம்மாவும் அப்படியே நம்பிட்டாங்க. ஒரு விஷயத்தை அம்மாவுக்குத் தமிழ்ல சொல்ல முடியலன்னா, அது எனக்கே புரியலன்னு அர்த்தம்.

அதனால என் கருத்து இதுதான். கார்டு மெஷின் கொடுக்கிற ஒவ்வொருத்தரும், கையெழுத்துக்கு முன்னாடி, கடைக்காரருக்குப் புரியிற மொழியில ஒரே ஒரு பக்கம் கொடுக்கணும். நடக்காத விஷயத்தைக் கேக்கல. கடனுக்கு இது ஏற்கெனவே இருக்கு. சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒண்ணு கொடுக்கணும், அது கடன் வாங்குறவருக்குப் புரியிற மொழியில இருக்கணும்னு ரிசர்வ் வங்கி 2024-ல சொல்லி, அந்த வருஷம் அக்டோபர் 1-லிருந்து நடைமுறைக்கு வந்துச்சு. கார்டு மெஷினும் கடன் மாதிரி ஒரு ரிஸ்க்தான்னு மேலே பார்த்தோம். பேங்க் தன் ரிஸ்க்கை அளக்க எங்க அம்மாகிட்ட அத்தனை கேள்வி கேட்டுச்சு. எங்க அம்மா தன் ரிஸ்க்கை அளக்க ஒரு பக்கம் கேக்கக் கூடாதா?

"இப்பதான் யுபிஐ இருக்கே, கார்டு எதுக்கு?"ன்னு என் ஃபிரண்ட் கேட்டான். நிறைய கடைக்கு அது சரியான கேள்வி. டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் க்யூஆர் போதும், மாச வாடகை கட்டி மெஷின் வாங்கவே வேண்டாம். ஆனா 15,000 ரூபாய் பில்லுக்கு வர்றவங்களுக்கு இந்த மாசம் கையில பணம் இருக்காது, கிரெடிட் கார்டுதான் இருக்கும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோட இணைக்கலாம், எல்லார்கிட்டயும் ரூபே இருக்காதே. அம்மாவுக்கு மெஷின் தேவைதான். தெரிஞ்சு வாங்கணும், அவ்வளவுதான்.

வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை வச்சு எழுதியிருக்கேன். உங்க வீட்டுல யாராவது கடை வச்சிருந்தா காட்டுங்க.

1. மாச வாடகை உண்டா? விற்பனையே இல்லாத மாசமும் கட்டணுமா? நடுவுல மெஷினைத் திருப்பிக் கொடுத்தா பணம் ஏதாவது பிடிப்பாங்களா?
2. ரூபே டெபிட், மத்த டெபிட், கிரெடிட் மூணுக்கும் தனித்தனி ரேட் என்ன? எழுத்துல கேளுங்க.
3. பணம் எத்தனை நாள்ல கணக்குக்கு வரும்? லீவு நாள் வந்தா?
4. எந்தச் சூழ்நிலையில பணத்தைப் பிடிச்சு வைப்பாங்க? எவ்வளவு, எத்தனை நாள்?
5. கஸ்டமர் ஸ்டேட்மென்ட்ல என்ன பேர் வரும்? கடைப் பேர் வர வைக்க முடியுமா?
6. ஃபார்ம்ல தொழில் என்னன்னு போட்டிருக்காங்க? டெலிவரி நாள் எத்தனைன்னு போட்டிருக்காங்க? பொய் இருந்தா அங்கேயே மாத்தச் சொல்லுங்க. பின்னாடி அது உங்க பொய்யாத்தான் தெரியும்.
7. புகார் வந்தா எந்த நம்பருக்கு, எந்த மெயிலுக்குத் தகவல் வரும்? அதைத் தினமும் பார்க்கிற ஆள் யாரு?

ஏழாவது கேள்விக்கு எங்க வீட்டுல பதில் "நான்"தான். இப்போ அந்த மெயில் அம்மா போன்லயும் இருக்கு. ஃபார்மைத் திருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். தொழில், டெலிவரி நாள், ஸ்டேட்மென்ட் பேர் மூணும் மாறிடுச்சு. ஆடி மாச வாடகையைப் பத்தியும் அம்மாவே போன் போட்டுப் பேசிட்டிருக்காங்க. இன்னும் முடிவு வரல.

நமக்கும் வேலை இருக்கு

நம்ம டிபார்ட்மென்ட்ல எத்தனை ப்ராஜெக்ட்ல பேமென்ட் கேட்வே இருக்குன்னு எண்ணிப் பாருங்க. எல்லாம் டெஸ்ட் மோட். 4111-ல ஆரம்பிச்சு ஒண்ணா வரிசையாப் போற அந்த டெஸ்ட் கார்டு நம்பர் நமக்கு மனப்பாடம். போட்டா பச்சை டிக் வரும், டெமோ முடிஞ்சுது, மார்க் வந்துடும். நம்ம டெமோவுல யாரும் சார்ஜ்பேக் போடுறதில்ல, யாருக்கும் சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டியதில்ல.

இன்னும் ஆறு மாசத்துல நம்மள்ல சில பேர் இந்த மாதிரி கம்பெனிகள்லதான் வேலைக்குப் போகப்போறோம். அந்த 'ஐ அக்ரீ' ஸ்கிரீனை டிசைன் பண்ணப் போறதும் நாமதான். அப்போ மேனேஜர்கிட்ட, "இதுக்குத் தமிழ்ல ஒரு பக்கம் வைக்கலாமா சார்?"ன்னு ஒரு தடவை கேளுங்க. முடியாதுன்னு சொன்னா, இன்னொரு தடவை கேளுங்க.

அதுக்கு முன்னாடி, இந்த செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட ஏதாவது ஒரு ஒப்பந்தத்தை எடுங்க. கார்டு மெஷினோ, இன்சூரன்ஸோ, லோனோ, எதுவா இருந்தாலும் சரி. ஒரு பக்கத்தை மட்டும் தமிழ்ல அவங்களுக்குச் சொல்லிப் பாருங்க. எந்த வரியில திக்குறீங்களோ, அந்த வரியிலதான் உங்க வீட்டுக்கு ஆபத்து இருக்கு.

நான் திக்கின வரிக்கு விலை 14,500 ரூபாய். அதிர்ஷ்டவசமா அது திரும்பி வந்துடுச்சு.